குடலின் உட்சுவரும் ஸ்டெம் செல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்றுப்போக்கு, குடல் புண், கீமோ சிகிச்சை, சீலியாக் நோய் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "உள்ளே ரணமானது தானாக ஆறிவிடுமா?" என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறோம். போதாக்குறைக்கு ஸ்டெம் செல் மாத்திரை, ஸ்டெம் செல் ஊசி என்று விளம்பரங்கள் வேறு. (தானும் நிலைத்திருந்து, மற்ற வகைச் செல்களையும் பெற்றுத் தரும் மூலச் செல்தான் ஸ்டெம் செல்.) உறவினர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். மனிதரிடம் உறுதியானது எது, எலியில் மட்டும் பார்த்தது எது என்று பிரித்தே சொல்கிறேன். இந்த விஷயத்தில் அதைக் கலந்துவிட்டால் எல்லாமே குழம்பிப் போகும்.

குடலின் உட்சுவர் ஐந்து நாளுக்கு ஒருமுறை மாறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் மாறுவது முழுக் குடலும் இல்லை. உணவைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேலடுக்கு மட்டும் மாறுகிறது. அந்த அடுக்கின் கனம் ஒரே ஒரு செல். அதற்கு அடியிலுள்ள ரத்தக் குழாய், நரம்பு, தசை எல்லாம் இந்த வேகத்தில் மாறுவதில்லை.

சிறுகுடலின் உள்ளே விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. பள்ளிப் பாடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்போம். ஒவ்வொன்றின் உயரமும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை. அவற்றின் அடிவாரத்தைச் சுற்றிச் சிறு சிறு குழிகள் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் அவற்றை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லீபர்கூனின் பெயரால் லீபர்கூன் குழிகள் என்று அழைக்கிறார்கள். புதிய செல் குழிக்குள் பிறக்கிறது. சுவரை ஒட்டி மேலே நகர்கிறது. உறிஞ்சியின் நுனிக்குப் போனதும் குடலுக்குள் உதிர்ந்து விடுகிறது. பிறப்பிலிருந்து உதிர்வு வரை 3 முதல் 5 நாள். பெருங்குடலில் உறிஞ்சிகள் கிடையாது, குழிகள் மட்டும் உண்டு. அங்கேயும் ஏறக்குறைய இதே கதைதான்.

அளவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ரான் செண்டரும் ரான் மிலோவும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனித உடலில் தினமும் சுமார் 33,000 கோடி செல்கள் மாறுகின்றன. பெரும்பகுதி ரத்த செல்கள். சுமார் 12 சதவீதம் உணவுப் பாதையின் மேலடுக்குச் செல்கள், அதாவது நாளொன்றுக்கு 4,000 கோடி அளவில். எடையில் பார்த்தால் குடலின் பங்கு இன்னும் பெரியது, ஏனென்றால் குடல் செல் ரத்தச் சிவப்பணுவைவிடப் பருமனானது.

இத்தனை செல்கள் உதிர்ந்தும் சுவரில் ஓட்டை விழுவதில்லை. ஒரு செல் கிளம்பும்போதே பக்கத்துச் செல்கள் அதன் அடியில் நெருங்கி வந்து இடைவெளியை மூடிவிடுகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புக் குறையாத விஷயம் இது.

எதற்கு இத்தனை அவசரம்?

அந்த ஒற்றை அடுக்கு படும் பாடு அப்படி. பித்த நீர், செரிமான நொதிகள், கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள், உணவோடு வரும் நச்சுகள் எல்லாம் அதன் மேல்தான் படுகின்றன. அடிபட்ட செல்லைப் பழுது பார்ப்பதைவிடக் கழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை வைப்பது பாதுகாப்பு. மரபணுவில் கோளாறு ஏற்பட்ட செல்லும் சில நாட்களில் வெளியேறிவிடும் என்பது கூடுதல் நன்மை.

இந்தச் செல்களைப் பெற்றெடுக்கும் ஸ்டெம் செல்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

குடலின் மேலடுக்கு ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது என்பதை 1948இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லெப்லாண்டும் அவருடைய சகாவும் எலிகளில் காட்டினார்கள். யார் பெற்றோர் என்பது அப்போது தெரியவில்லை. 1974இல் அதே லெப்லாண்டும் ஹேசல் செங்கும் குழியின் அடிமட்டத்தில், பானெத் செல்கள் என்ற பருத்த செல்களுக்கு இடையே ஒடுங்கி நிற்கும் மெலிந்த செல்களைச் சுட்டிக்காட்டி, எல்லா வகைச் செல்களும் இவற்றிலிருந்தே வருகின்றன என்றார்கள். பிரிட்டனில் கிறிஸ் பாட்டன் வேறு கருத்து வைத்திருந்தார். அடியிலிருந்து ஏறக்குறைய நான்காவது இடத்தில் இருக்கும் செல்தான் மூலம் என்றார் அவர். இரு தரப்பிலும் நல்ல சான்றுகள் இருந்ததால் விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

திருப்பம் 2007இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வந்தது. ஹூப்ரெக்ட் நிறுவனத்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் குழுவில் இருந்த நிக் பார்க்கர், எல்ஜிஆர்5 என்ற மரபணு குழியின் அடியிலுள்ள அந்த மெலிந்த செல்களில் மட்டும் இயங்குவதைக் கவனித்தார். அந்த மரபணு இயங்கும் செல்லும் அதன் வாரிசுகள் அனைத்தும் நீல நிறம் காட்டும்படி எலிகளை உருவாக்கினார்கள். முதல் நாள் குழியின் அடியில் ஒன்றிரண்டு நீலச் செல்கள். ஐந்தாம் நாள் அடியிலிருந்து உறிஞ்சியின் நுனி வரை ஒரே நீலப் பட்டை. அறுபது நாள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பட்டை அப்படியே இருந்தது. ஐந்து நாளில் எல்லாச் செல்லும் உதிரும் இடத்தில் இரண்டு மாதமாக நீலம் நிற்கிறது என்றால், அடியில் உள்ள நீலச் செல் புதிதாகப் பெற்றுக்கொண்டே இருக்கிறது என்றுதானே பொருள்?

பாட்டன் சொன்ன நான்காவது இடத்துச் செல் வீண்போகவில்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் வருகிறேன்.

ஒரு குழியில் எத்தனை ஸ்டெம் செல்கள்? ஒரு செல் ஸ்டெம் செல்லா இல்லையா என்று யார் தீர்மானிப்பது?

எலியின் சிறுகுடல் குழி ஒன்றில் சுமார் 15. எலியில் அவை ஏறக்குறைய தினம் ஒருமுறை பிரிகின்றன. மனிதரில் வேகம் குறைவு.

யார் தீர்மானிப்பது என்பதற்கு விடை: பெரும்பாலும் அது இருக்கும் இடம். குழியின் அடியில் ஸ்டெம் செல்லை ஒட்டி பானெத் செல்கள் இருக்கின்றன. கிருமிகளைக் கொல்லும் பொருட்களைச் சுரப்பது அவற்றின் தெரிந்த வேலை. விண்ட் என்ற புரதச் சமிக்ஞையையும் வேறு சில வளர்ச்சிக் காரணிகளையும் அவை பக்கத்துச் செல்லுக்குத் தருகின்றன என்பதைக் கிளெவர்ஸின் குழுவில் இருந்த தோஷிரோ சாட்டோ 2011இல் காட்டினார். குழிக்கு வெளியே, சுவரின் அடியில் படர்ந்திருக்கும் இணைப்புத் திசுச் செல்களும் விண்ட் தருகின்றன. எலியில் பானெத் செல்களை நீக்கியும் ஸ்டெம் செல்கள் பிழைத்தது இதனால்தான். விண்ட் கிடைக்கும்வரை செல் பிரிந்துகொண்டே இருக்கும். குழியிலிருந்து மேலே தள்ளப்பட்டால் விண்ட் குறைகிறது, பிரிவதை அடக்கும் பிஎம்பி என்ற சமிக்ஞை கூடுகிறது. அங்கே அக்கம்பக்கத்துச் செல்களோடு நடக்கும் நாட்ச் என்ற தொடர்பைப் பொறுத்து அது சத்துகளை உறிஞ்சும் செல்லாகவோ, கோழை சுரக்கும் கோப்பை செல்லாகவோ, ஹார்மோன் சுரக்கும் செல்லாகவோ மாறுகிறது.

கூட்டம் நெரியும் பஸ்ஸில் இருக்கை கிடைப்பது போலத்தான் இது. இடம் குறைவு, பிறப்பு அதிகம், யாராவது எழுந்தே ஆக வேண்டும். எழுந்தவருக்குத் தகுதி குறைவு என்று அர்த்தமில்லை. 2010இல் ஹ்யூகோ ஸ்னிப்பர்ட், ஒரே குழியின் ஸ்டெம் செல்களுக்கு வெவ்வேறு வண்ணம் வரும்படி செய்த எலிகளில் இதை அழகாகக் காட்டினார். தொடக்கத்தில் குழி பல வண்ணமாக இருந்தது. சில வாரங்கள், மாதங்கள் போனதும் ஒவ்வொரு குழியும் ஒரே வண்ணத்துக்கு வந்துவிட்டது. தற்செயலாக ஒரு செல்லின் வாரிசுகள் அடிமட்டம் முழுவதையும் நிரப்பிவிட்டிருந்தன. மனிதக் குழியிலும் இதே போட்டி நடக்கிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக.

இந்த விஷயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். குடலில் ஸ்டெம் செல் என்பது தனிப் பரம்பரை என்பதைவிட, ஒரு இடத்தில் இருக்கும்போது கிடைக்கும் நிலை என்பதே பொருத்தம். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு விடை இதிலிருந்துதான் வருகிறது.

அந்த ஸ்டெம் செல்களே செத்துவிட்டால் என்ன ஆகும்?

இதைத்தான் 2011இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். டிப்தீரியா நச்சைக் கொண்டு எலியின் எல்ஜிஆர்5 செல்களை மட்டும் குறிவைத்து அழித்தார்கள். குடல் சரிந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சரியவில்லை. பல நாட்கள் உட்சுவர் ஏறக்குறைய இயல்பாகவே இருந்தது. நச்சை நிறுத்தியதும் எல்ஜிஆர்5 செல்கள் திரும்பத் தோன்றின.

எங்கிருந்து வந்தன? குழியில் சற்று மேலே இருந்த செல்களிலிருந்து. பாட்டன் காட்டிய வட்டாரம் இதுதான். அடுத்தடுத்த ஆண்டுகளில் இன்னும் வியப்பான விவரங்கள் வந்தன. கோழை சுரக்கும் வழியில் போகத் தொடங்கியிருந்த இளம் செல், அடிமட்டம் காலியானால் திரும்பிவந்து ஸ்டெம் செல்லாகிறது என்று 2012இல் தெரிந்தது. உறிஞ்சும் செல்லாகப் போய்க்கொண்டிருந்த இளம் செல்லுக்கும் அது முடியும் என்று 2016இல் தெரிந்தது. இவையெல்லாம் எலியில். டஃப்ட் செல் என்ற அரிய வகை, கதிர்வீச்சுக்குத் தாக்குப்பிடித்து ஸ்டெம் செல் வேலையை ஏற்க முடியும் என்று 2024இல் கிளெவர்ஸின் குழு மனிதக் குடலிலிருந்து வளர்த்த திசுவில் காட்டியது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கதிர்வீச்சுக்குப் பின் எல்ஜிஆர்5 செல்கள் மீண்டும் உருவாவதையே தொடர்ந்து தடுத்தபோது எலிக் குடல் மீளவில்லை. மாற்று ஆள் வரலாம், ஆனால் அந்த நாற்காலி நிரம்பியே ஆக வேண்டும்.

அன்றாடப் புதுப்பிப்பும் புண் ஆறுவதும் ஒன்றுதானா?

இல்லை, மூன்று கட்டமாகப் பார்க்க வேண்டும். மேலடுக்கு மட்டும் உரிந்துபோன சிறு காயத்தில், ஓரத்துச் செல்கள் தட்டையாகி நகர்ந்து சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மூடிவிடும். இதில் செல் பிரிவே தேவையில்லை. அதற்கடுத்த நாட்களில் குழிகள் வேகமாகப் புதிய செல்களைத் தருகின்றன. மூன்றாவது, குழிகளே அழிந்துபோன ஆழமான புண். அங்கே பக்கத்துக் குழிகள் இரண்டாகப் பிளந்து பெருகி இடத்தை நிரப்ப வேண்டும், அதற்கு வாரங்கள் ஆகும். பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் வந்து ஆறியவரின் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குழிகள் கோணலாக, கிளைத்துத் தெரிவது இதனால்தான்.

புண் தசை வரை போய்த் தழும்பு விழுந்துவிட்டால் மேலடுக்கின் ஸ்டெம் செல்களால் அதைச் சரிசெய்ய முடியாது. குடலில் ஆழமான அழற்சி உண்டாக்கும் குரோன் நோயில் குடல் சுருங்கிப் போவதற்கு அந்தத் தழும்பு முக்கியக் காரணம். அதனால்தான் இன்றைய மருத்துவர்கள் வலி குறைந்ததோடு திருப்தி அடையாமல், உட்சுவர் ஆறியிருக்கிறதா என்று ஸ்கோப் (கேமரா பொருத்திய குழாய்) வைத்துப் பார்க்கிறார்கள். "எனக்குத்தான் நன்றாக இருக்கிறதே, எதற்கு மறுபடி ஸ்கோப்?" என்று தவிர்ப்பவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள்.

கீமோவிலும் ரேடியேஷனிலும் வயிற்றுப்போக்கு ஏன் வருகிறது?

வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதுதான் அந்தச் சிகிச்சைகளின் வேலை. குழிச் செல்கள் அதில் மாட்டிக்கொள்கின்றன. பிறப்பு குறைகிறது, ஆனால் நுனியில் உதிர்வது நிற்பதில்லை. அதனால் உறிஞ்சிகள் குட்டையாகி, தண்ணீரையும் சத்தையும் உள்ளே இழுக்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது. 5-ஃப்ளூரோயுராசில், இரினோட்டீகான் ஆகிய மருந்துகளில் இது அதிகம். மருந்து நின்ற பிறகு மிச்சமிருக்கும் செல்கள் குழியை நிரப்புகின்றன, பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் குடல் தேறுகிறது.

கருப்பைவாய்ப் புற்றுக்கு இடுப்புப் பகுதியில் ரேடியேஷன் பெறுபவர்களுக்கு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்குவது வழக்கம். மொத்தக் கதிர்வீச்சையும் ஒரே நாளில் தராமல் தினம் கொஞ்சமாகப் பிரித்துத் தருவதற்கு ஒரு காரணமே, நல்ல திசு இடையில் மீண்டுகொள்ளட்டும் என்பதுதான்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கீமோ நடக்கும்போது வயிற்றுப்போக்கோடு காய்ச்சலும் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். குடல் சுவர் பலவீனமாகவும் வெள்ளை அணுக்கள் குறைவாகவும் இருக்கும் நேரம் அது. குடலிலுள்ள பாக்டீரியா ரத்தத்தில் கலந்துவிடலாம். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

குழந்தைக்கு ரோட்டா வைரஸ் வந்து குடல் ரணமாகிவிட்டது என்றார் டாக்டர். திரும்பச் சரியாகுமா?

ஆகும். ரோட்டா வைரஸ் முக்கியமாகத் தாக்குவது உறிஞ்சியின் மேற்பகுதியிலுள்ள முதிர்ந்த செல்களை. குழியின் அடியிலுள்ள ஸ்டெம் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அதனால் சில நாட்களில் சுவர் மீண்டும் கட்டப்படுகிறது. அதுவரை குழந்தையின் உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. அந்த நாட்களில்தான் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் உயிர் காக்கிறது. மிஞ்சியிருக்கும் செல்களில் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வழி வேலை செய்துகொண்டே இருப்பதால், கூடவே தண்ணீரும் உள்ளே போகிறது. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இந்தக் கரைசலைப் பெரிய அளவில் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்.

கூடவே துத்தநாகம், அதாவது ஜிங்க். உலக சுகாதார அமைப்பும் யூனிசெஃபும் 2004இல் தந்த பரிந்துரை, 10 முதல் 14 நாள் வரை தினம் 20 மி.கி., ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 10 மி.கி. மேலடுக்குச் செல்கள் பெருகிக் குடல் தேறுவதற்குத் துத்தநாகம் தேவைப்படுகிறது. போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். நிறுத்தாமல் முழு நாட்களும் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. பட்டினி போட்டால் குடல் ஓய்வெடுக்கும் என்பது தவறான நம்பிக்கை, உணவு வந்தால்தான் அது வேகமாகத் தேறும்.

ரோட்டா தடுப்பூசி அரசுத் தடுப்பூசித் திட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் உருவான ரோட்டாவாக் மருந்தின் பெரிய பரிசோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று.

ஐந்து நாளில் புதிதாகும் என்றால், சீலியாக் நோயாளிக்குக் கோதுமையை நிறுத்திய ஐந்தாம் நாளே சரியாக வேண்டுமே?

நல்ல கேள்வி. செல் புதிதாவது வேறு, அமைப்பு மீள்வது வேறு. சீலியாக் நோயில் கோதுமையிலுள்ள குளூட்டனுக்கு எதிராக நோயெதிர்ப்புச் செல்கள் கிளம்பி மேலடுக்குச் செல்களைக் கொல்கின்றன. இழப்பை ஈடுகட்டக் குழிகள் நீண்டு, வழக்கத்தைவிட வேகமாகவே செல்களைத் தருகின்றன. ஆனாலும் பிறப்பைவிட இறப்பு முந்திக்கொள்வதால் உறிஞ்சிகள் தட்டையாகின்றன. ஸ்டெம் செல்களிடம் குறை ஏதும் இல்லை. தாக்குதல் ஓயும்வரை அவற்றின் உழைப்பு வீணாகிறது.

குளூட்டனை நிறுத்தினாலும் அந்த அழற்சி மெதுவாகத்தான் அடங்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 2 ஆண்டில் உட்சுவர் முழுதாக மீண்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 5 ஆண்டில் மூன்றில் இரண்டு பங்கு. குழந்தைகள் பொதுவாகச் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள்.

சீலியாக் நோய் வட இந்தியாவில்தான் அதிகம், தென்னிந்தியாவில் மிகக் குறைவு. நம் பக்கத்துக்கு வேறொரு கதை உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் 1960களிலிருந்து வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற சத்து உறிஞ்சாமை நோயை ஆராய்ந்தார்கள். அப்போது, நோயே இல்லாத கிராமத்து மக்களின் உறிஞ்சிகள்கூட மேலை நாட்டவருடையதைவிடக் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதைப் பதிவுசெய்தார்கள். சுத்தமில்லாத சூழலில் ஓயாமல் வரும் கிருமித் தொல்லையே இந்த நிலைக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. குழந்தைகளின் வளர்ச்சி குன்றுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பதால், கழிப்பறையும் நல்ல தண்ணீரும் குடல் சிகிச்சையின் பகுதியே என்று நான் நினைக்கிறேன்.

இப்படி ஓயாமல் பிரிவதால்தான் குடல் புற்று வருகிறதா?

ஒரு பகுதிக் காரணம் அதுதான். ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏ நகலெடுப்பில் சிறு பிழைகள் வரலாம். பிரியாத நேரத்திலும் டிஎன்ஏ சிதைவு நடந்துகொண்டே இருக்கும். உதிரப்போகும் செல்லில் பிழை இருந்தால் கவலையில்லை. குழியின் அடியிலுள்ள செல்லில் இருந்தால் அது நிலைத்துவிடும். பெருங்குடல் புற்றில் பெரும்பாலும் முதலில் கெட்டுப்போவது ஏபிசி என்ற மரபணு, அதாவது விண்ட் சமிக்ஞைக்குத் தடை போடும் மரபணு. அது போனால் செல் எந்த இடத்தில் இருந்தாலும், தான் குழியின் அடியில் இருப்பதாகவே நடந்துகொள்ளும். 2009இல் பார்க்கரும் சகாக்களும் எலியின் ஸ்டெம் செல்லில் ஏபிசியை நீக்கினார்கள், சில வாரங்களில் கட்டிகள் வளர்ந்தன. மேலே நகர்ந்துவிட்ட செல்களில் நீக்கியபோது பெரும்பாலும் வளர்ச்சி தொடக்கத்திலேயே நின்றுவிட்டது.

2022இல் பிரிட்டனின் சேங்கர் நிறுவனம் 16 பாலூட்டி இனங்களின் குடல் குழிகளை எடுத்து மரபணுப் பிறழ்வுகளை எண்ணியது. குழி முழுவதும் ஒரே மூதாதைச் செல்லின் வாரிசு என்பதால்தான் இப்படி எண்ணவே முடிந்தது. எலியின் ஸ்டெம் செல்லில் ஆண்டுக்குச் சுமார் 800 பிறழ்வுகள், மனிதரில் சுமார் 47. ஆயுள் நீண்ட விலங்குகளில் ஆண்டுக் கணக்கு குறைவு. ஆயுள் முடியும் நேரத்தில் பார்த்தால் எல்லா இனங்களிலும் மொத்தம் பெரிதாக வேறுபடவில்லை.

நமக்கு இதில் உபயோகமான செய்தி: முதல் பிழையிலிருந்து புற்றாக மாறப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். நடுவில் பாலிப் என்ற சிறு கட்டியாக இருக்கும் கட்டம் இருக்கிறது, அதைக் கொலனோஸ்கோப்பியில் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்று இருந்தால் இன்னும் முன்கூட்டியே பரிசோதனை தேவை.

ஆய்வகத்தில் குடலையே வளர்க்கிறார்களாமே?

முழுக் குடலை இல்லை. 2009இல் சாட்டோ, எலியின் ஒற்றை எல்ஜிஆர்5 செல்லைக் கூழ் போன்ற ஊடகத்தில் வைத்து, மூன்று வளர்ச்சிக் காரணிகளைச் சேர்த்தார். குழியும் உறிஞ்சிப் பகுதியும் கொண்ட சிறு உருண்டையாக அது வளர்ந்தது. இதை ஆர்கனாய்டு என்கிறார்கள். 2011இல் மனிதத் திசுவிலும் செய்துவிட்டார்கள்.

இன்றே பலன் தந்திருப்பது மருந்துத் தேர்வில். நெதர்லாந்தில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவரின் மலக்குடலிலிருந்து கிள்ளி எடுத்த திசுவில் ஆர்கனாய்டு வளர்த்து, மருந்தை ஊற்றிப் பார்க்கிறார்கள். உருண்டை வீங்கினால் அந்த நோயாளிக்கு மருந்து வேலை செய்ய வாய்ப்பு உண்டு. சிகிச்சையில் ஜப்பான் முன்னால் போயிருக்கிறது. டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகம் 2022இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளி ஒருவரின் சொந்தக் குடல் செல்களை வளர்த்து, அவருடைய புண் மீதே வைத்தது. உலகில் அதுதான் முதல் முறை. நம்பிக்கை தரும் தொடக்கம், ஆனால் இன்னும் ஆய்வுக் கட்டம்தான்.

ஸ்டெம் செல் மாத்திரை, பவுடர், ஊசி? தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கிறோம், அது உதவுமா?

ஆப்பிள், திராட்சை ஸ்டெம் செல் என்று தெரிந்தவர்கள் மூலம் சங்கிலி வியாபாரமாக விற்கும் பவுடர்களை வாங்காதீர்கள். தாவரச் செல் நம் வயிற்றில் மற்ற உணவைப் போலவே செரித்துப்போகும். அது மனிதக் குழியில் போய் உட்கார எந்த வழியும் இல்லை. கடன் வாங்கி மாதாமாதம் இதை வாங்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை முக்கியமாக ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம் செல்கள். குடலின் மேலடுக்கை அவை கட்டுவதில்லை. எதிர்காலக் காப்பீடாக நினைத்துத் தனியார் வங்கியில் சேமிப்பதை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிக்கையிலேயே ஊக்குவிக்கவில்லை.

ஊசியைப் பொறுத்தவரை, குரோன் நோயில் ஆசனவாய் அருகே வரும் பவுத்திரத்துக்குக் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களைக் கொண்ட அலோஃபிசெல் என்ற மருந்துக்கு ஐரோப்பா 2018இல் அனுமதி தந்தது. அடுத்து நடந்த பெரிய பரிசோதனையில் போலி மருந்தைவிட மேலான பலன் தெரியாததால் 2024இல் அது திரும்பப் பெறப்பட்டது. முறையாக ஆராய்ந்து வந்த ஒன்றுக்கே இந்த நிலை. இந்தியாவில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அங்கீகரித்த சில ரத்த நோய் போன்றவற்றைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லை மருத்துவப் பரிசோதனையின் பகுதியாக மட்டுமே தர முடியும். அப்படிப்பட்ட பரிசோதனையில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

உணவு, விரதம், பேதி மருந்து இவற்றால் புதுப்பிப்பு கூடுமா?

எலிகளை 24 மணி நேரம் பட்டினி போட்டபோது குடல் ஸ்டெம் செல்கள் கொழுப்பை எரித்துக்கொண்டு சுறுசுறுப்பானதாக அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2018இல் சொன்னது. விரத விளம்பரங்களில் இது மட்டும் வரும். அதே ஆய்வுக்கூடம் 2024இல் சொன்னதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பட்டினிக்குப் பின் உணவு தரும் நேரத்தில்தான் செல் பிரிவு உச்சத்துக்குப் போகிறது, அப்போது புற்றுக்கான மரபணுப் பிழை சேர்ந்தால் கட்டிகள் அதிகமாகின்றன. செல் பிரிவு கூடுவதெல்லாம் நல்லதற்கு என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இதுதான். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் தாராளமாக இருங்கள், ஆனால் குடலைப் புதுப்பிக்கும் சிகிச்சையாக அதைப் பரிந்துரைக்க மனிதரிடம் சான்று போதாது.

நார்ச்சத்து நல்லது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துத் தரும் பியூட்டிரேட், மேல்மட்டச் செல்களின் முக்கிய எரிபொருள். கீரை, பயறு, சிறுதானியம், ஆறிய சோறு எல்லாமே அந்த வகையில் உதவும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் கொடுத்தால் குடல் சுத்தமாகும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. தினம் தன் தோலையே உரித்துக்கொள்ளும் உறுப்புக்கு வெளியிலிருந்து சுத்தம் தேவையில்லை. முதியவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அதனால் உப்புச் சமநிலை கெடும்.

அப்பாவுக்குச் சிறுகுடலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மீதி வளர்ந்துவிடுமா?

நீளம் திரும்ப வராது. ஆனால் மிச்சமுள்ள குடல் தன்னை மாற்றிக்கொள்ளும். குழிகள் ஆழமாகும், உறிஞ்சிகள் உயரும், உறிஞ்சும் திறன் கூடும். அறுவைக்குப் பின் ஓரிரு ஆண்டுகள்வரை இது நடக்கும். இதைத் தூண்டும் முக்கியமான ஹார்மோன் ஜிஎல்பி-2. உணவு குடலுக்குள் வரும்போது குடலின் கீழ்ப்பகுதிச் செல்கள் அதைச் சுரக்கின்றன. எனவே ரத்தக் குழாய் வழியாகச் சத்து ஏற்றினாலும், மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு வாய் வழியாகவும் கொஞ்சமாவது கொடுப்பது முக்கியம். கனடாவில் டேனியல் டிரக்கர் 1996இல் இந்த ஹார்மோனின் குடல் வளர்க்கும் குணத்தைக் காட்டினார். அதைப் பின்பற்றி உருவான டெடுகுளூடைடு ஊசி 2012இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. ரத்தக் குழாய் வழி உணவின் தேவையை அது பலருக்குக் குறைக்கிறது. செல் பிரிவைக் கூட்டும் மருந்து என்பதால் தொடங்கும் முன்பும், தொடரும்போது குறிப்பிட்ட இடைவெளியிலும் பெருங்குடலில் பாலிப் இருக்கிறதா என்று ஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டே தருகிறார்கள். விலை மிக அதிகம். எல்லோருக்கும் அது தேவைப்படுவதும் இல்லை. எவ்வளவு குடல் மிச்சம், பெருங்குடல் இணைப்பில் இருக்கிறதா என்ற இரண்டு விவரங்களை அறுவை செய்த மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, குடல் நோய் நிபுணரிடம் காட்டுங்கள்.